அம்மாவின் தாளை அழித்த ரப்பர்

அம்மா,

இன்று கணக்கு வகுப்பில் ஜாமெட்ரி பெட்டியைத் திறந்ததும் அந்த வாசனை வந்துவிட்டது. நீ ஜங்ஷன் கடையில் வாங்கித் தந்த மணக்கும் ரப்பர். ஒரு பக்கம் ரோஸ், ஒரு பக்கம் வெள்ளை. மோந்து பார்த்தால் பழ மிட்டாய் மாதிரி இருக்கும். தங்கச்சி பியூலா அதைக் கடித்துப் பார்த்துவிட்டு, "ஏமாத்திட்டாங்க" என்று அழுதாளே, அதே ரப்பர்தான். அதன் ஒரு மூலை மட்டும் கறுத்திருக்கிறது. நீ பென்சிலால் போட்டதை நான் அழித்த மூலை அது. அதற்குப் பிறகு அந்த ரப்பரை நான் எதற்கும் எடுப்பதில்லை. கணக்கு தப்பானால் எச்சில் தொட்டு விரலால் தேய்க்கிறேன். நோட்டு ஓட்டை விழுகிறது. டீச்சர் திட்டுகிறார்கள்.

இதை அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவும் பியூலாவும் தூங்கிவிட்டார்கள். போன வருஷத்து அறிவியல் நோட்டின் பின்பக்கத் தாள்கள். அப்பா எழுந்து வந்தால் படிக்கிறேன் என்று சொல்லிவிடலாம். நாளை மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, உங்கள் வார்டில் கேள்வித் தாள் கொடுத்தார்களே, அந்தக் கேள்வி மேடம் நம் வீட்டுக்கு வருகிறார்கள். பக்கத்து வீட்டுப் போனில் கூப்பிட்டுச் சொன்னார்களாம். "வந்தா நீ உள்ள இரி. என்ன கேட்டாலும் ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு" என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்குத் தெரியும் அம்மா. எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதால்தான் இவ்வளவு பயமாக இருக்கிறது.

நீயும் நானும் அதிகம் பார்த்துக்கொண்டது வாசல்படியில்தான். அப்பா மில்லில் முதல் ஷிப்டு. விடியும் முன்பே சைக்கிளை எடுத்துவிடுவார். நீ ராத்திரி டூட்டி முடிந்து, டவுன் பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் ஆற்றுப் பாலம் தாண்டி பாளையங்கோட்டை வந்து சேர எட்டு மணி ஆகும். நீ வந்து பியூலாவை வாங்கிக்கொண்டால்தான் நான் பள்ளிக்கூடம் போகமுடியும். வார்டில் ஒரு சிஸ்டர் போகும்போது அடுத்த சிஸ்டரிடம் நோயாளிகளை ஒவ்வொருவராகச் சொல்லி ஒப்படைப்பார்கள், அதற்கு ரிப்போர்ட் என்று பெயர் என்று நீதான் சொன்னாய். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது விளையாட்டாக ஆரம்பித்தது, அப்புறம் தினமும் அப்படித்தான்.

"மொதக் கட்டில், அப்பா. இருமல் கொறவு. ரெண்டு இட்லி சாப்பிட்டாங்க. ரெண்டாவது கட்டில், பியூலா. ராத்திரி ஒரு தடவ எழுந்து அம்மாவக் கேட்டா. மூணாவது கட்டில்..."

"மூணாவது கட்டில் யாருட்டி?"

"நாந்தான்."

"பேஷண்டுக்கு என்ன செய்யுது?"

"இன்னைக்கு வரலாறு பரீட்ச."

"ஐயோ, அதுக்கு மருந்து கெடையாதே" என்று சிரிப்பாய். செருப்பைக் கழற்றாமலேயே பியூலாவைத் தூக்கிக்கொண்டு, "சரி, எடுத்துக்கிட்டேன், நீ கெளம்பு" என்பாய். நான் ஓடுவேன்.

ஒருநாள்கூட நான் உன்னிடம் ரிப்போர்ட் கேட்டதில்லை அம்மா. வார்டிலும் அப்படித்தானாம். கட்டிலில் இருப்பவர்களைப் பற்றி மட்டும்தான் சொல்வார்கள். சொல்கிற சிஸ்டருக்கு என்ன என்று ரிப்போர்ட் நோட்டில் எழுத இடமே கிடையாது.

உங்கள் வார்டில் இரண்டு சிஸ்டர்கள் வெளிநாடு போனார்கள். அவர்களுக்குப் பதில் யாரையும் எடுக்கவில்லை. அப்போதிருந்துதான் உனக்கு இரட்டை டூட்டி. மத்தியானம் போய் மறுநாள் காலையில் வருவாய். வந்து அரிசி களைந்தபடியே தூங்குவாய். குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். "பஸ்ஸு பாலத்துல ஏறும்லா, அந்த ஆத்துக் காத்து மூஞ்சில பட்டதும் கண்ணு அதுவா சொருகிருதுட்டி" என்று ஒருநாள் சொன்னாய். அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

காலாண்டுப் பரீட்சையில் கணக்கு அன்று நீ வரவில்லை. எட்டரை ஆனது, ஒன்பது ஆனது. பியூலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுக்குக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் வந்தாய். பஸ்ஸில் தூங்கிப்போய், கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் எழுப்பி, வேறு பஸ் பிடித்து வந்தாய். தலைமுடி ஒரு பக்கம் கலைந்து, ஜன்னல் கம்பி கன்னத்தில் பதிந்திருந்தது. நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "ஒனக்கென்ன, நீ சொகமா தூங்கிட்டு வருத. எம் பரீட்சதான் போச்சு." தெருவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீ பதிலுக்குத் திட்டவே இல்லை. பியூலாவை வாங்கிக்கொண்டு, "இனிமே தூங்க மாட்டேன்ட்டி" என்றாய்.

அதற்குப் பிறகு நீ ஒருநாளும் பிந்தவில்லை. எப்படி என்று நான் கேட்கவில்லை.

கேள்வி மேடம் உங்கள் வார்டுக்கு வந்தது அதற்கு அடுத்த மாதம். ஏதோ காலேஜில் ஆராய்ச்சி செய்கிறவர்கள். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்களின் மனச் சோர்வைப் பற்றி ஆராய்கிறார்களாம். நீ அன்று வந்து நடித்துக் காட்டினாய். கக்கத்தில் குடை, மூக்கு நுனியில் கண்ணாடி. "'சிஸ்டர், உங்களுக்கு மன அழுத்தம் உண்டா?'ன்னு கேக்காங்க. நம்ம மரகதம் சொல்லுதா, 'அது எந்த வார்டுல குடுக்காங்க மேடம்? எனக்கும் ஒரு கிளாஸ் வாங்கிட்டு வாங்க.'" மரகதம் சித்தி உன்கூடப் படித்து உன்கூடவே வேலைக்குச் சேர்ந்தவள், அவள் வாய் யாருக்கும் அடங்காது. நீ சிரித்து சிரித்து இருமினாய். பிறகு திடீரென்று நிறுத்தி, "ஆனா அந்த மேடம் நல்லவங்கட்டி. நாங்க சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. எங்கட்ட யாரு கேட்டிருக்கா" என்றாய்.

ஒரு சனிக்கிழமை காலையில் மேடம் கொடுத்த கேள்வித் தாளோடு வந்தாய். எங்களுக்கு லீவு. ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஐந்து கட்டம். ஒருபோதும் இல்லை, எப்போதாவது, சில நேரம், அடிக்கடி, எப்போதும். நீ பென்சிலால் டிக் போட்டு வைத்திருந்தாய். பெயர் எழுத வேண்டாம் என்று மேடம் சொல்லியிருந்தார்களாம். ஆனால் தாள்களை வாங்கிவைக்கும் பொறுப்பு உங்கள் பெரிய சிஸ்டரிடம். அவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு எல்லாரிடமும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இதெல்லாம் வெளியே போனால் ஆஸ்பத்திரிக்கு அசிங்கம், வேலை வேண்டுமென்றால் திருத்தி எழுதிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நீ பாயில் அப்படியே சாய்ந்தாய். "ஏட்டி, ஒன் மணக்க ரப்பர எடு. பென்சில்ல இருக்கத எல்லாம் அழிச்சிட்டு, பேனாவால மொதக் கட்டத்துல போட்டுரு."

"மொதக் கட்டம் ஒருபோதும் இல்லைன்னுல்லா இருக்கு?"

"அதான். எல்லாத்துக்கும் அதான்" என்றாய். அடுத்த வார்த்தை வருவதற்குள் தூங்கிவிட்டாய்.

அழிக்க வேண்டுமென்றால் பார்க்க வேண்டும் அல்லவா. பார்த்தேன். வேலைக்குக் கிளம்பும்போது அழுகை வருகிறதா? நீ போட்டது, சில நேரம். வீட்டில் இருப்பவர்கள் மேல் காரணமில்லாமல் கோபம் வருகிறதா? எப்போதாவது என்று போட்டிருந்தாய். நீ எங்கள் மேல் எப்போது கோபப்பட்டாய் என்று யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. மருந்தை மாற்றிக் கொடுத்துவிடுவோமோ என்று பயப்படுகிறீர்களா? அடிக்கடி. வேலை முடிந்து வரும் வழியில் உங்களை அறியாமல் தூங்கிப்போவது உண்டா? எப்போதும். அதைத்தான் நீ தாள் கிழியும் அளவுக்கு அழுத்திப் போட்டிருந்தாய். தேய்த்துத் தேய்த்து எனக்கு விரல் வலித்தது. கடைசிக் கேள்வி, இதையெல்லாம் யாரிடமாவது சொன்னதுண்டா? ஒருபோதும் இல்லை. அந்த ஒன்றை மட்டும் நான் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அதன் மேலேயே பேனாவால் போட்டேன்.

உன் பையிலிருந்து எடுத்த பேனா சிவப்பு மை. ராத்திரி டூட்டிக்காரர்கள் சிவப்பில்தான் எழுதவேண்டும் என்று உங்கள் ஆஸ்பத்திரி வழக்கம். முதல் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை சிவப்பு டிக் நேராக வரிசையாக நின்றது. நூற்றுக்கு நூறு வாங்கிய விடைத்தாள் மாதிரி இருந்தது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது அம்மா. உன் காப்பி டம்ளரை நான் அதன் மேல் வைத்ததில் ஒரு மூலையில் வளையம் விழுந்துவிட்டது. நீ எழுந்து பார்த்து, "போவட்டும், ஆஸ்பத்திரிக்காரி தாளு கறையில்லாம இருக்குமா" என்று மடித்து எடுத்துக்கொண்டாய். உன் முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் நான் ரப்பர் தூளை ஊதினேன். நீ எழுதியதை நான் படித்தேன் என்று உனக்குத் தெரிந்துவிடுமோ என்றுதான் அப்போது என் பயமெல்லாம்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமை. ரிப்போர்ட்டைத் தயாராக வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். எட்டே கால், எட்டரை. எனக்குக் கோபம்தான் வந்தது, அதை ஒளிக்கமாட்டேன். அப்புறம் மரகதம் சித்தி ஒரு கையில் செருப்பைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடிவந்தாள். பஸ் பாலம் தாண்டித் திரும்பும்போது, படிக்கட்டின் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றிருந்த உன் கை நழுவிவிட்டது. உன் கண் மூடியிருந்தது என்று கண்டக்டர் சொன்னாராம். சித்தி அழுதுகொண்டே, அப்பாவின் அக்கா, அத்தையிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "நாந்தான் சீட்டு இருக்கு உக்காருன்னேன் அக்கா. கேக்க மாட்டேன்னுட்டா. உக்காந்தா தூங்கிருவேன், எம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பிந்திரும்னு தெனமும் நின்னுக்கிட்டேதான் வருவா."

இதற்கு மேல் அந்த நாளை எழுத என்னால் முடியாது.

துக்கம் கேட்க உங்கள் பெரிய சிஸ்டர் வந்திருந்தார்கள். வீடு நிறைய ஆள். "அவளுக்கு என்ன கொற? போன வாரந்தான் தாளு குடுத்து எல்லாரையும் கேட்டாங்க. ஒரு கஷ்டமும் இல்லன்னுதான் போட்டிருந்தா. சிவப்பு மையில வரிசையா போட்டிருந்தா, நானே பாத்தேன்" என்றார்கள். யாரோ மெதுவாக, "அப்ப வேலையில ஒண்ணுமில்ல, வீட்டுலதான் ஏதோ" என்றார்கள். எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து தெருவில் அந்தப் பேச்சுதான். நீ தவறி விழவில்லையாம், அப்பாதான் உன்னை ஏதோ சொல்லிவிட்டாராம். அப்பா ஞாயிறு ஆராதனைக்குக் கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். மில்லுக்குப் போகிறார், வருகிறார், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார். அது உன் டிக் இல்லை, என்னுடையது என்று நான் அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், அழித்தது யார் என்று கேட்பார்கள். நீ ஏன் நின்றுகொண்டே வந்தாய் என்றும் கேட்பார்கள்.

பியூலா முனகுகிறாள். போய்ப் படுக்கிறேன்.

அம்மா, இப்போது ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் வந்துவிட்டுப் போய்விட்டார்கள்.

நீ நடித்துக் காட்டியதுபோலவேதான் இருந்தார்கள், குடையும் கண்ணாடியுமாக. ஆனால் நாற்காலியில் உட்காராமல் பாயில் உட்கார்ந்தார்கள். நான் அடுப்படிக் கதவின் பின்னால் நின்றேன். அப்பாவிடம் மெதுவாகப் பேசினார்கள். "அண்ணாச்சி, நான் எதையும் கிண்டிக் கேக்க வரல. ஒரு தப்பு செஞ்சிட்டேன், அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். அந்தத் தாளையெல்லாம் நான் ஒவ்வொருத்தர் கையிலயும் நேராக் குடுத்து நேரா வாங்கியிருக்கணும். பெரிய சிஸ்டர் கையில விட்டுட்டேன். வந்ததப் பாத்தா எல்லாத் தாள்லயும் ஒண்ணு போல, ஒருபோதும் இல்ல, ஒருபோதும் இல்ல. ராத்திரி முழுக்க முழிக்கிற ஒருத்திக்குக்கூடவா தூக்கம் வராது?"

அப்பா, "எங்களுக்கு ஒண்ணும் தெரியாது, மேடம்" என்றார். குரல் யாருடையதோ போல இருந்தது.

என் கால் எப்படி வெளியே வந்தது என்று எனக்குத் தெரியாது. "எங்கம்மா தாளு ஒங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டேன்.

"பேரு கெடையாதும்மா. எது யாரோடதுன்னு எனக்கே தெரியாது."

"எனக்குத் தெரியும். மூலையில காப்பி வளையம் இருக்கும்."

மேடம் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார். மேடம் கொஞ்ச நேரம் பையின் மேல் கையை வைத்துக்கொண்டு யோசித்தார்கள். பிறகு கட்டைப் பிரித்து, தாள்களைக் கவிழ்த்து வைத்தபடியே மூலைகளை மட்டும் புரட்டி அதை எடுத்தார்கள். உன் தாள் அம்மா. மோந்து பார்த்தேன், ரப்பர் மணம் போய்விட்டிருந்தது. ஜன்னல் வெயிலில் சாய்த்துப் பிடித்தேன். நீ அழுத்திப் போட்ட டிக் எல்லாம் குழியாக அப்படியே இருந்தது. கரியைத்தான் நான் எடுத்திருக்கிறேன், தடத்தை எடுக்க முடியவில்லை.

ஒவ்வொன்றாக வாசித்தேன். பஸ்ஸில் தூங்குவது பற்றிய கேள்வி வந்தபோது நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பரீட்சை அன்று நான் கத்தியது, நீ அதற்குப் பிறகு உட்காராமல் வந்தது, சிவப்பு மை, எல்லாம். அப்பா அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. அப்பா சொன்னார், "பாலத்துல அவ தூங்கிருவான்னு எனக்கும் தெரியும்ட்டி. எங்கிட்டயும்தான் சொன்னா. நல்ல காத்துலா, தூக்கம் வரத்தான் செய்யும்னு சொல்லிட்டு நான் மில்லுக்குப் போயிட்டேன்." அப்படியே முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நீ போன அன்றுகூட அவர் இப்படி அழுது நான் பார்க்கவில்லை.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். "ஒன் ஒருத்தி ரப்பர் இல்லம்மா. இந்தக் கட்டுல இருக்க எல்லாத் தாளையும் முன்னமே வெயில்ல பிடிச்சுப் பாத்தேன். எல்லாத்துலயும் தடம் இருக்கு. ஆனா தடத்தப் பாத்து நானா எழுதிக்க முடியாது, அவங்க வாயால சொல்லணும். இனி வார்டுக்குப் போகமாட்டேன், வீடு வீடாப் போவேன்" என்றார்கள். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் அப்படிச் சொன்னார்களோ, தெரியவில்லை. கிளம்பும்போது உன் தாளை என்னிடம் தரவில்லை. தரக்கூடாதாம். மற்றத் தாள்களோடு சேர்த்து வைத்துக்கொண்டார்கள். அதுவும் சரிதான் என்று தோன்றியது.

தெருப் பேச்சு நின்றுவிடுமா என்று தெரியாது. நாளைக்கு அத்தையிடம் தானே சொல்வதாக அப்பா சொன்னார். உனக்கு ஒரு குறையும் இல்லை என்று இனி யாரையும் சொல்ல விடமாட்டாராம்.

அம்மா, இன்னும் ஒன்று. இன்று புதன்கிழமை. இதோடு முடித்துவிடுகிறேன்.

உன் இடத்துக்கு வேறு ஆள் வரவில்லை. உன் டூட்டியையும் மரகதம் சித்திதான் பார்க்கிறாள். இப்போது நான் பியூலாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறேன். டூட்டி முடிந்து சித்தி காலையில் நம் வாசல் வழியாகத்தான் நடந்து போவாள். "என்ன பிள்ள, ரிப்போர்ட் எங்க?" என்று கேட்பாள். நான் சொல்வேன், அப்பா, பியூலா, நான். "சரி, எடுத்துக்கிட்டேன்" என்று உன்னைப் போலவே சொல்லிவிட்டுப் போவாள். இன்றும் அப்படியே சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

"சித்தி, நாலாவது கட்டில் ஒண்ணு பாக்கி இருக்கு" என்றேன்.

"அது யாருட்டி?"

"நீங்கதான். எப்படி இருக்கீங்க?"

ஏதோ கேலி சொல்லத்தான் வாயைத் திறந்தாள். எந்த வார்டில் கொடுக்கிறார்கள் என்று கேட்பாள் என நினைத்தேன். ஆனால் படியில் உட்கார்ந்துவிட்டாள். "நல்லா இல்ல பிள்ள" என்றாள். "எனக்கு நல்லாவே இல்ல."

உள்ளே கூட்டிவந்து உன் பாயை விரித்தேன். நாலு வாய் காப்பி குடித்தாள், டம்ளர் கையில் இருக்கும்போதே தூங்கிவிட்டாள். டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, காலிலிருந்த செருப்பைக் கழற்றினேன். பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரம். இன்று அறிவியல் பரீட்சை. சித்தியை எழுப்பி அனுப்பிவிட்டு ஓடியிருந்தால் போய்ச் சேர்ந்திருக்கலாம். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். பத்தரைக்கு அவளாக எழுந்து, மணியைப் பார்த்துப் பதறி, "ஏட்டி, ஒனக்குப் பரீட்சன்னியே!" என்று கத்தினாள்.

"போவட்டும் சித்தி" என்றேன். அதை அன்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது, அம்மா.